பீலிக்கு மேலே ஒரு மலை இருந்தது

எழுதிய வாக்கியத்தை வாய்விட்டுப் படித்துப் பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒரு குறுக்குத் தெருவில், ஆறாம் மாடி வீட்டில் உட்கார்ந்துகொண்டு, ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் வருகிற அறிக்கைகளைத் தமிழாக்கிக் கொடுப்பது என் பிழைப்பு. இருபது வருடமாக இதுதான் வேலை. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் துண்டுத்தாள் முதல் அதிவேக நெடுஞ்சாலைத் திட்டம் வரை எல்லாம் வரும். அவற்றில் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கைகள் தனி ரகம். மக்கள் கருத்துச் சொல்ல 30 நாள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்பதால் மூன்று மொழியிலும் அவசர அவசரமாகத் தயாராகும். தமிழ்ப் பிரதிதான் எப்போதும் கடைசி. அதுவும் எப்போதும் நாளைக் காலைக்குள் வேண்டும். அதைப் புரட்டிப் பார்க்கிறவர்களை ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம் என்பது என் ஊகம். ஆனாலும் அந்த ஒரு கைக்காக நான் வாய்விட்டுப் படிக்கிறேன்.

சென்ற வருடம் மாசியில் வந்தது ஒரு கருங்கல் அகழ்வு அறிக்கை. முந்நூறு பக்கத்துக்குக் கிட்ட. கடைசி அத்தியாயத்துக்கு வந்துவிட்டேன். அந்த அத்தியாயம் எனக்கு மனப்பாடம். திட்டம் மாறும், இடம் மாறும், அந்த வாக்கியம் மட்டும் மாறாது. "அகழ்வுப் பணிகள் நிறைவடைந்த பின்னர் நிலம் இயற்கை நிலைக்கு மீளமைக்கப்பட்டு, வனசீவராசிகளின் வாழிடமும் நீர்வடிகாலும் உறுதிப்படுத்தப்படும்." படித்தேன். காதுக்கு இடறவில்லை. அடுத்த வாக்கியத்துக்குப் போகப் பார்த்தபோது, தரையில் உட்கார்ந்து பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்த பெண் தலையை நிமிர்த்தி, "அக்கா, அப்படியென்றால் எங்கள் பீலி திரும்பி வருமா?" என்று கேட்டாள்.

அம்மாவைப் பார்த்துக்கொள்வதற்காக எங்கள் வீட்டில் தங்கியிருப்பவள் அவள். ஹங்வெல்லவுக்கும் அவிசாவளைக்கும் இடையில் ஒரு றப்பர் தோட்டத்தில் பிறந்தவள். மூன்று வருடமாக ஒரே கூரையின் கீழ் இருக்கிறோம். அவளுடைய ஊரில் கல் உடைக்கும் குவாரி ஒன்று இருந்ததும், அது மூடப்பட்டதும் எனக்கு அன்றுதான் தெரியும். நான் கேட்டதில்லை. வடக்கிலிருந்து வந்து கொழும்பில் ஊன்றிக்கொண்ட எங்களைப் போன்ற வீடுகளில் தோட்டத்துப் பிள்ளைகள் சமைக்கிறார்கள், துவைக்கிறார்கள், எங்கள் தாய்மாருக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கிறார்கள். அவர்களுடைய ஊரில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று நாங்கள் கேட்பதில்லை. பீலி என்ற சொல்லுக்கே எனக்கு முதலில் மயிற்பீலிதான் நினைவுக்கு வந்தது. மலையிலிருந்து கசியும் ஊற்றை மூங்கிலாலோ தகரத்தாலோ குழாயாலோ ஏந்தி, கீழே குளிக்கவும் குடம் நிரப்பவும் விழச் செய்வதைத்தான் அவள் பீலி என்றாள்.

"வரும்" என்று சொல்ல வாய் வரவில்லை. "வராது" என்று சொல்லவும் எனக்குத் தகுதியில்லை. "இது வேறு இடம்" என்றேன். அவள் மறுபடி பயற்றங்காய்க்குத் திரும்பிவிட்டாள். நான் திரும்பவில்லை. அந்த வாக்கியத்தில் எத்தனை "படும்" என்று அப்போதுதான் பார்த்தேன். மீளமைக்கப்படும், உறுதிப்படுத்தப்படும். செயப்பாட்டு வினை என்று பள்ளிக்கூடத்தில் படித்தது. செய்கிறவன் பெயரைச் சொல்லாமலே ஒரு வேலையைச் செய்து முடிக்க நம் இலக்கணம் கொடுத்திருக்கும் வசதி. இருபது வருடமாக அந்த வசதியை நான் கூசாமல் பயன்படுத்தி வந்திருக்கிறேன்.

அம்மாவின் கணக்கு

இரவு அம்மாவிடம் இதைச் சொன்னேன். அம்மா காங்கேசன்துறைக்காரி. அங்கே 1950இல் தொடங்கிய சீமெந்துத் தொழிற்சாலையில் அப்பா கணக்கெழுதினார். 1990இல் போரோடு தொழிற்சாலை நின்றது, நாங்களும் பெட்டி கட்டினோம். ஆக, நான் படித்தது கிடங்கு தோண்டிய சம்பளத்தில். அதை மறைத்துக்கொண்டு இந்தக் கட்டுரையை எழுத எனக்கு மனம் வரவில்லை. சுண்ணாம்புக்கல் தோண்டிய பள்ளங்களை ஊரில் கிடங்கு என்போம். மாரியில் அவற்றில் நிற்கும் தண்ணீர் அப்படியொரு நிறம். பச்சையென்றும் சொல்ல முடியாது, நீலமென்றும் சொல்ல முடியாது. "கிடங்குப் பக்கம் போகாதே பிள்ளை" என்பதுதான் என் சிறு வயதில் அம்மா அதிகம் சொன்ன வாக்கியமாக இருக்கும்.

"தோண்டி முடித்த பிறகு மூடி, முன்போலவே ஆக்கித் தருவார்களாம் அம்மா."

அம்மா கொஞ்ச நேரம் யோசித்தார். "கிடங்கை மூட மண் வேண்டுமே பிள்ளை. அந்த மண்ணை எங்கே தோண்டுவது?"

அம்மாவுக்கு வயது எண்பத்து மூன்று. நேற்றுச் சாப்பிட்டது மறந்துபோகும். ஆனால் முந்நூறு பக்க அறிக்கையில் இல்லாத கேள்வி அது. கல் லொறியில் ஏறிப் போய்விட்டது, கட்டடமாகிவிட்டது. போன கல்லின் கன அளவுக்கு எதையாவது கொண்டுவந்து கொட்டினால் ஒழியப் பள்ளம் பள்ளம்தான். "பழைய நிலை" என்பது கல் குவாரியைப் பொறுத்தவரை கிடையவே கிடையாது. அப்படியானால் மீளமைப்பது எதை?

யாழ்ப்பாணத்தில் இதற்கு ஒரு பதில் உண்டு. அங்கே வற்றாத ஆறு கிடையாது. விழுகிற மழை சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கி, கடலிலிருந்து ஊறி வந்திருக்கும் உப்புத் தண்ணீரின் மேல் ஒரு வில்லையைப் போல மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால் கீழே ஏறக்குறைய நாற்பது அடி நன்னீர் இருக்கும் என்பது நீரியலில் பழைய கணக்கு. மேலே ஓரடி குறைந்தால் கீழே நாற்பது அடி உப்பு ஏறும் என்று அதையே திருப்பியும் போடலாம். அங்கே கல் என்பது தண்ணீர் குடியிருக்கும் வீடு. கூரையைப் பிரித்துவிட்டு வாசலில் வேம்பு நட்டு என்ன பயன்? வன்னியிலும் மலைநாட்டிலும் கதை வேறாக இருக்கலாம். ஆனால் தண்ணீரின் வீடு எங்கே, வழி எங்கே என்று முதலில் கேட்காத எந்த மீளமைப்பும் தோட்டக்கலைதான் என்ற சந்தேகம் அன்று இரவு எனக்குள் வந்து உட்கார்ந்தது.

லயத்துக்குப் பின்னால்

அந்த மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை அவளோடு நானும் கிளம்பினேன். அம்மாவைப் பார்த்துக்கொள்ளத் தங்கை வந்திருந்தாள். கொள்ளுப்பிட்டியில் 177 பஸ் பிடித்துக் கடுவெல. அங்கிருந்து ஹங்வெல்ல பஸ். பிறகு முச்சக்கர வண்டி. கடுவெல தாண்டியதும் எதிரே கல்லும் மண்ணும் ஏற்றிய லொறிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கொழும்பை நோக்கி வந்தன. தார்ப்பாய்க்கு வெளியே தூள் பறந்தது. இந்த வீதியில் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். லொறிகள் எதிரே வந்தன என்பது நினைவிருக்கிறது. அவை எங்கிருந்து வருகின்றன என்று யோசித்த நினைவு இல்லை. நான் குடியிருக்கும் ஆறு மாடியும் இதே வழியாகத்தான் வந்திருக்க வேண்டும்.

அவளுடைய அப்பா நாற்பது வருடம் பால் வெட்டியவர். வலது தோள் கொஞ்சம் இறங்கியிருந்தது. என்னை "அம்மா" என்று அழைத்தார். என் வயதைக் கேட்டுவிட்டும் அதை மாற்றவில்லை. தேநீர் குடித்து முடித்ததும், "குவாரியைத்தானே பார்க்க வந்தீர்கள், வாருங்கள்" என்று எழுந்தார். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் ஏறினோம். முதலில் ஒரு பெயர்ப்பலகை. வெயிலில் எழுத்து வெளுத்திருந்தது. மீள்வனமாக்கல் என்ற சொல் மட்டும் தெரிந்தது. பிறகு மூன்று வரிசை முள்ளுக்கம்பி. அதற்கு அப்பால் ஒரு தென்னை உயரத்துக்கு நேர்வெட்டாக இறங்கிய பள்ளம். அடியில் கறுத்த தண்ணீர். நான்கு பக்கமும் செங்குத்துச் சுவர். உள்ளே விழுந்த நாயொன்று மேலே வர வழியில்லாமல் இரண்டு நாள் நீந்தியதாகச் சொன்னார். அதற்கு மேல் சொல்லவில்லை.

பள்ளத்தைச் சுற்றி அக்கேசியா மரங்கள். ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரே அளவு இடைவெளி. "பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைப் போல வரிசையில் நிற்கின்றன, பாருங்கள்" என்று சிரித்தார். கீழே கணுக்கால் ஆழத்துக்குக் காய்ந்த இலை. அக்கேசியா இலை லேசில் மக்காது. அதை விலக்கிவிட்டு என் குடை நுனியால் மண்ணைக் குத்தினேன். சீமெந்துத் தரையில் குத்தியதைப் போல நுனி துள்ளியது. பாரம் ஏற்றிய லொறிகளும் புல்டோசரும் வருடக்கணக்கில் ஓடிய இடம். கடைசியில் சமப்படுத்தி, அழகாக இருக்க வேண்டும் என்று இன்னொரு தடவை அழுத்தியும் விட்டிருக்கிறார்கள். நாங்கள் நின்ற முக்கால் மணி நேரத்தில் அந்த மரங்களில் ஒரு பறவை வந்து உட்கார்ந்ததை நான் பார்க்கவில்லை. அந்தப் பக்கம், யாரும் எதையும் நடாத சரிவில், கெகில்லப் பன்னம் தானாகப் படர்ந்து கிடந்தது. அதற்குள்ளிருந்து ஏதோ ஒரு சிறு குருவி விடாமல் கத்தியது.

இந்தத் தவறை நாம் கண்டுபிடித்ததல்ல. அமெரிக்காவில் 1977இல் மேற்பரப்புச் சுரங்கங்களுக்காக ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். நிலத்தைப் பழைய வடிவத்துக்குக் கிட்ட மீட்டுத் தர வேண்டும், அதற்குப் பிணைப்பணம் கட்ட வேண்டும் என்ற நல்ல சட்டம்தான். அப்பலேச்சிய மலைப்பகுதியில் நிலக்கரி எடுத்தவர்கள் சட்டத்துக்குப் பயந்து, சரிவு வழிந்துவிடக் கூடாதென்று மண்ணை இறுக்கி இறுக்கிப் புல் விதைத்தார்கள். புல் வந்தது, பிணைப்பணம் திரும்பியது, காடு வரவில்லை. இறுகிய மண்ணுக்குள் மழையும் இறங்கவில்லை, வேரும் இறங்கவில்லை. ஏறக்குறைய ஒரு தலைமுறை கழித்துத்தான், மேலே நான்கு அடிக்காவது மண்ணை அழுத்தாமல் தளர்வாகக் கொட்டிவிடுங்கள், மேடு பள்ளமாக அசிங்கமாகவே இருக்கட்டும் என்று வனவியலாளர்கள் எழுந்து நின்று சொன்னார்கள். அசிங்கமாக விட்ட இடத்தில் மரம் வந்தது. இதை நான் ஒரு அறிக்கையின் பின்னிணைப்பில் மொழிபெயர்த்திருக்கிறேன். கூலி வாங்கிக்கொண்டு மறந்தும் போயிருந்தேன், குடை துள்ளும் வரை.

நின்றுபோன சத்தம்

பள்ளத்தின் கீழ்ப்பக்கமாக என்னை இறக்கிக்கொண்டு போனார். அங்கே ஓர் ஓடை இருந்ததாம். இப்போது இருப்பது சாம்பல் நிறத்தில் ஒரு நீண்ட மேடு. கல் நொறுக்கிய தூளை முதலில் ஓரமாகக் கொட்டியிருக்கிறார்கள். இரண்டு மழையில் அது ஓடைக்குள் இறங்கிவிட்டது. பிறகு, இறங்கத்தான் போகிறது என்று நேராகவே கொட்டியிருக்கிறார்கள். வீதிக்கு அடியில் ஓடை கடக்கும் மதகு முக்கால்வாசி மூடிப்போய், மேலே ஒரு கை நுழையும் அளவுக்கு இடைவெளி. அந்த இடத்தில் ஒரு மருது நின்றது. கொழும்பில் எல்லோரும் கும்புக் என்று சிங்களப் பெயரால் சொல்லும் அதே மரம். ஆற்றங்கரையிலும் ஓடையோரத்திலும்தான் வரும்; அதன் வெளுத்த அடிமரத்தைப் பார்த்தே தண்ணீர் பக்கத்தில் என்று சொல்லிவிடலாம். இதன் ஒரு பாதி பட்டுப்போயிருந்தது. இன்னொரு பாதியில் கொஞ்சம் இலை.

அங்கிருந்து நூறு யார் கீழே பீலி. கருங்கல் அடுக்கிக் கட்டிய ஒரு தாழ்ந்த சுவர். அதில் மூன்று இரும்புக் குழாய்கள். சுவரில் படிந்த பாசி கறுத்துக் காய்ந்து, விரல் வைத்தால் தட்டுத் தட்டாக உதிர்ந்தது. நடுக் குழாயின் வாயில் குளவி மண் பூசிக் கூடு கட்டியிருந்தது. குழாய்க்கு நேர் கீழே ஒரு பலகைக்கல். தண்ணீர் விழுந்து விழுந்து அதில் சிரட்டையளவுக்கு ஒரு குழி விழுந்திருந்தது. கருங்கல்லில் அவ்வளவு குழி விழ எத்தனை வருடம் விழுந்திருக்க வேண்டும்! அந்தக் குழிக்குள் ஒரு காய்ந்த றப்பர் இலை கிடந்தது. இலையின் மேல் எறும்புகள் போய்வந்துகொண்டிருந்தன.

"எங்கள் லயத்துக்கு இந்தச் சத்தம் இரவெல்லாம் கேட்கும், அம்மா. நான் பிறந்ததிலிருந்து கேட்ட சத்தம். அது ஒரு நாள் நடுச்சாமத்தில் நின்றுவிட்டது. சத்தம் கேட்டு எழும்புவார்கள். சத்தம் நின்று நாங்கள் எழும்பினோம். என் தாயார் பாயில் உட்கார்ந்துகொண்டு, என்ன, என்ன என்று கேட்டார். எங்களுக்கும் சட்டென்று தெரியவில்லை. விளக்கை எடுத்துக்கொண்டு வந்து பார்த்த பிறகுதான் தெரிந்தது."

குவாரி அதற்குப் பிறகும் சில வருடம் ஓடியிருக்கிறது. தோட்டத்துக்கு பவுசரில் தண்ணீர் வந்தது. பிறகு கிணறு ஒன்று வெட்டினார்கள். எல்லாம் சரிதான் என்றார். பீலிக்கு மேலே பார்த்துக் கையை ஒரு வளைவாக வீசிக் காட்டினார், அங்கே இருந்த மலையின் உருவம் அதுதான் என்பதைப் போல. நான் அந்தக் கை போன இடத்தைப் பார்த்தேன். வானம் இருந்தது.

அவிசாவளைப் பக்கத்தில் வருடத்துக்கு 3000 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டும். நாட்டின் மிக ஈரமான பகுதிகளில் ஒன்று. அங்கே ஓர் ஊற்று வற்றுகிறது என்றால் மழையில் குறையில்லை. விழுந்த மழை தங்கிச் செல்ல இடமில்லை. உறுதியான கருங்கல்லுக்குள் தண்ணீர் தங்காது. அதற்கு மேலே உக்கிப்போய்க் கிடக்கும் பாறையும் கபுக் என்கிற செம்பூராங்கல்லும் மண்ணும் வேரும் சேர்ந்த போர்வைதான் மழையை வாங்கி வைத்துக்கொண்டு, கீழே இறுகிய பாறையைத் தொட்டதும் பக்கவாட்டில் நழுவி, மலையடியில் ஊற்றாகக் கசியவிடும். கல் எடுப்பவர்கள் முதலில் செய்வது அந்தப் போர்வையை வழித்தெடுப்பது. ஆங்கிலத்தில் அதற்கு, மேலே கிடக்கும் பாரம் என்று பொருள்படும் ஒரு சொல் இருக்கிறது. நான் இருபது வருடமாக அதை "மேற்சுமை" என்று மொழிபெயர்த்து வந்திருக்கிறேன். கல்தான் சரக்கு, மற்றதெல்லாம் சுமை. அன்று அந்தப் பலகைக்கல்லின் முன்னால் நின்றபோது என் சொல்லைப் பற்றி எனக்கு வெட்கமாக இருந்தது. மூன்று குழாயில் இரவு பகலாக விழுந்ததெல்லாம் அந்தச் சுமையிலிருந்து வந்ததுதான்.

பாதையும் வீடும் ஒன்றுதான்

அறிக்கைகளில் நீர்வடிகால் ஓர் அத்தியாயம், வனசீவராசிகள் இன்னொன்று. எழுதுகிறவர்கள் வேறு, பொறியியலாளர் ஒருவர், உயிரியலாளர் ஒருவர். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் எழுதியதைப் படிப்பதில்லை என்பதைப் படித்துத் தமிழாக்குகிற எனக்கு நன்றாகத் தெரியும். ஒரே ஓடைக்கு இரண்டு அத்தியாயத்தில் இரண்டு பெயர் இருக்கும். ஆனால் அந்தத் தோட்டத்தில் உடும்பும் ஆமையும் காட்டுக்கோழியும் நடமாடியது ஓடையின் ஓரத்து நிழலில்தான் என்று பெரியவர் சொன்னார். றப்பர் மரங்களுக்கு நடுவில் காடு என்று மிஞ்சியிருந்தது அந்த ஒரு பட்டைதான். ஓடையைத் தூளால் மூடியபோது போனது வடிகால் மட்டுமா?

கொழும்பில் இருக்கிற எங்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். 2018இல் உலகத்திலேயே முதலாவதாக ராம்சார் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் பெற்ற 18 நகரங்களில் கொழும்பும் ஒன்று. பத்தரமுல்லையிலும் ஸ்ரீ ஜயவர்தனபுரக் கோட்டையிலும் சதுப்பும் கால்வாயுமாக மிஞ்சியிருக்கும் இடங்களில் மீன்பிடிப் பூனைகள் திரிகின்றன. இரவில் கால்வாய்க் கரைகள்தான் அவற்றுக்குத் தெரு. அவற்றுக்கு நாம் ஒரு மரமும் நட்டுக் கொடுக்கவில்லை. தண்ணீரின் வழி அறுபடாமல் கிடந்தது, அவை வந்தன. இதையெல்லாம் கொண்டாடும் அதே நகரம், 269 ஹெக்டேயர் கடலை நிரப்பித் துறைமுக நகரம் எழுப்பியது. அலைதடுப்புக்குக் கல் உள்நாட்டு மலைகளிலிருந்து போனது. கொழும்பின் ஈரநிலத்தைக் காப்பாற்றும் கூட்டங்களுக்கு நானும் போயிருக்கிறேன். கூட்டம் நடந்த மண்டபத்தின் கல் எந்த ஓடையை மூடிவிட்டு வந்தது என்று யாரும் கேட்டதில்லை, நான் உட்பட.

இன்னொரு சங்கடமான விஷயம். கடுவெலப் பக்கத்தில் களனி ஆற்றை ஒட்டி, செங்கல்லுக்காகக் களிமண் எடுத்துவிட்டுப் போட்ட பள்ளங்கள் இருக்கின்றன. யாரும் அவற்றை மீளமைக்கவில்லை. பலகை இல்லை, வரிசை மரம் இல்லை. திரும்பி வரும்போது பஸ்ஸிலிருந்து இறங்கி ஒன்றைப் பார்த்தேன். கரை சாய்வாக இறங்குகிறது; ஓரத்தில் முழங்கால் ஆழம்கூட இல்லை; கோரையும் அல்லியும். வெள்ளம் வரும்போது ஆறு உள்ளே வருகிறது, வடியும்போது வெளியே போகிறது. நீலத் தாழைக்கோழிகள் ஏழெட்டு, நடுவே கபரகொய்யா என்கிற நீருடும்பு ஒன்று தலையை மட்டும் காட்டிக்கொண்டு. கவனிப்பாரற்றுக் கிடந்த பள்ளத்தில் உயிர் இருந்தது, திட்டம் போட்டு மீட்ட பள்ளத்தில் இல்லை. இதை வைத்துக்கொண்டு, அப்படியே விட்டுவிட்டால் எல்லாம் சரியாகும் என்று வாதாட நான் வரவில்லை. அந்தப் பள்ளங்களில் பிள்ளைகள் மூழ்கிச் சாகிறார்கள், நுளம்பும் உண்டு. ஆனால் கரையின் சாய்வும் தண்ணீர் வந்துபோகும் வாயும் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு இதைவிடச் சாட்சி எனக்கு வேண்டாம். கல் குவாரியிலும் ஒரு பக்கச் சுவரையாவது படிப்படியாகத் தணித்து, கழிவுக் கல்லையே கொட்டிச் சாய்வாக்கலாம். வழித்த மேல்மண்ணைத் தனியே, உயரமில்லாத குவியலாக வைத்து, அதன் உயிர் போவதற்குள் திருப்பிப் பரப்பலாம். ஓடையைத் தூளுக்குக் கொடுக்காமல் முதல் நாளே வேலி போட்டு ஒதுக்கலாம். ஒரு மண்சுவரைக் கொஞ்சம் நேர்வெட்டாக விட்டுவைத்தால் மீன்கொத்தியும் பஞ்சுருட்டானும் அதில் பொந்து குடையும். இவற்றில் எதுவும் புதிய விஞ்ஞானமில்லை. குவாரி முடிந்த பிறகு செய்ய முடியாதவை, அவ்வளவுதான்.

தண்ணீர் நிரப்பி ஏரியாக்கிப் படகு விடலாம் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஜேர்மனியில் நாக்டர்ஷ்டெட் என்ற இடத்தில் பழைய பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தை அப்படித்தான் ஏரியாக நிரப்பிக்கொண்டிருந்தார்கள். 2009 ஜூலையில் ஒரு விடியற்காலை கரை சரிந்து, வீடுகளோடு ஏரிக்குள் போனது. மூன்று பேர் இறந்தார்கள். திரும்பி வருகிற தண்ணீருக்கும் வழி பார்த்துத்தான் வைக்க வேண்டும்.

சட்டம் இல்லாமலில்லை. 1992ஆம் ஆண்டின் சுரங்கங்கள், கனியப் பொருள்கள் சட்டத்தில் நிலத்தை மீட்டுத் தரும் பொறுப்பு அகழ்கிறவர் தலையில்தான் இருக்கிறது. ஆனால் 1993இல் வந்த ஒழுங்குவிதியின்படி நான் மொழிபெயர்க்கும் வகை அறிக்கையைக் கட்டாயமாக்கும் அளவுகளில் 10 ஹெக்டேயருக்கு மேற்பட்ட மேற்பரப்பு அகழ்வும் 25 மீற்றரைத் தாண்டிய ஆழமும் உண்டு. பெரியவரின் குவாரி அந்த அளவுகளை எட்டவில்லை. அந்த மலைத்தொடரில் அதைப் போல இன்னும் சிலவற்றைக் கண்ணால் எண்ணினேன். தனித்தனியே ஒவ்வொன்றும் சின்னது, எல்லாவற்றுக்கும் கீழே ஓடை ஒன்று. மயிற்பீலியே ஆனாலும் அளவுக்கு மேல் ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். ஓடைக்கு ஹெக்டேயர் கணக்குத் தெரியாது.

நாற்பத்தொன்றாம் பக்கம்

வீட்டுக்கு வந்து அறிக்கையை முடித்தேன். "மேற்சுமை" என்று எழுதியிருந்த இடங்களையெல்லாம் தேடி "மேல்மண்ணும் உக்கிய பாறையும்" என்று மாற்றினேன். நீளமாகத்தான் இருந்தது. பிறகு, என் தொழில் வாழ்க்கையில் முதல் தடவையாக, அந்தக் கடைசி அத்தியாய வாக்கியத்தின் ஓரத்தில் ஒரு கேள்வி எழுதி அனுப்பினேன்: நீர்வடிகால் உறுதிப்படுத்தப்படும் என்றால், யாரால், எந்த ஓடையின் வழியாக? மொழிபெயர்ப்புக்குத் தேவைப்படுகிறது என்று ஒரு பொய்யும் சேர்த்துக்கொண்டேன்.

இரண்டு நாளில் பதில் வந்தது. மரியாதையான, ஒரு வரிப் பதில். இணைப்பில் 41ஆம் பக்கத்தைப் பார்க்கவும். அந்தப் பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். நடப்படவுள்ள மரங்களின் பட்டியல். அவள் அம்மாவுக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள். என்ன எழுதியிருக்கிறது அக்கா என்று கேட்டாள். வாய்விட்டுப் படித்தேன். முதலாவது வரிசையில் அக்கேசியா, இருநூறு. இரண்டாவதில் மருது, நாற்பது கன்றுகள்.

"மருதா?" என்றாள். "அதை எங்கே நடுவார்கள், அக்கா?"